கடலில் மாண்டவர்களுக்கு ஓசூரில் பூசை எதற்கு?



கர்த்தர் பிறந்த திருநாளுக்கு மறுநாள், டிசம்பர் 26ந் தேதி, ஆழிப்பேரலையில் மாண்டவர்களுக்காக நமது கோயிலில் பூசை ஒப்புக்கொடுக்கப்படும் என்று சென்ற ஞாயிறு அறிவித்தோம். அன்று மாலைக்குள்ளேயே கேள்விகள் வந்துவிட்டன. "மலைமேட்டில் இருக்கிற நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம், சாமி?" என்றார் ஒருவர். "அத்தனை வருஷம் ஆயிப்போச்சே, இன்னமுமா அந்த ஆத்துமாக்கள் உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடக்கும்?" என்று கேட்டார் ஒரு பாட்டி. இன்னொரு கேள்வி நேரே வரவில்லை, சுற்றிக்கொண்டு வந்து காதில் விழுந்தது: "செத்தவங்கள்ல பாதிப்பேர் நம்ம வேதக்காரங்க இல்லையே, அவங்களுக்கு எப்படிப் பூசை வைக்கிறது?"

கேட்டது நல்லதுதான். சந்தேகத்தை மனதில் பூட்டிக்கொண்டு பூசைக்கு வராமல் இருப்பதைக்காட்டிலும் வாய்விட்டுக் கேட்பது மேல். ஆகவே இந்த வாரப் பாடத்தை இதற்கென்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் நடந்தது என்னவென்று சுருக்கமாகச் சொல்லவேண்டும். நமது இளைஞர் சபையில் இருப்பவர்களில் பலர் அப்போது பிறந்திருக்கவில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நமது கடிகாரப்படி காலை ஆறரை மணியளவில் சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. அந்த அலை நமது கரையை வந்து சேர இரண்டு, இரண்டரை மணி நேரம் பிடித்தது. கடற்கரைக் கிராமங்களில் அது ஞாயிறு பூசைக்குரிய நேரம். குழந்தைகள் திருநாள் உடுப்போடு திரிகிற நேரம். அத்தனை நேரம் இருந்தும் ஓடுங்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. இந்துமாக் கடலுக்கு அந்நாளில் எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. ஐதராபாத்தில் அதற்கான நிலையம் 2007ஆம் ஆண்டில்தான் வந்தது. பதினான்கு நாடுகளில் 2,25,000 பேருக்கு மேல் மடிந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர். அவர்களில் சுமார் 6,000 பேர் நாகப்பட்டினம் மாவட்டத்தில். குமரிக் கரையில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்களில் பெரிய குழிகள் வெட்டி, பெட்டியும் இல்லாமல், தனித்தனி மந்திரிப்பும் இல்லாமல் அடக்கம் செய்தார்கள். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்து தங்கியிருந்த யாத்திரிகர்கள் கடலில் குளித்துக்கொண்டும் மணலில் உட்கார்ந்துகொண்டும் இருந்தபோதே அலை வந்து வாரிக்கொண்டு போயிற்று.

அன்று உலகமெங்கும் நமது கோயில்களில் வாசிக்கப்பட்ட சுவிசேஷம் எதுவென்று பலர் கவனித்திருக்க மாட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு திருக்குடும்பத் திருநாள். அவ்வருஷத்து முறைப்படி அர்ச். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. சம்மனசு சொப்பனத்தில் எச்சரிக்கிறார். அர்ச். சூசையப்பர் இரவோடு இரவாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எஜிப்து நாட்டுக்கு ஓடுகிறார். பிள்ளை பிழைக்கிறது. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்: அந்த ஞாயிறு வாசகம் 15ஆம் வசனத்தோடு நின்று, நேராக 19ஆம் வசனத்துக்குத் தாண்டிவிடும். நடுவில் விடப்பட்டவை மூன்று வசனங்கள். அவற்றில்தான் ஏரோதின் சேவகர்கள் பெத்லேம் ஊர்க் குழந்தைகளை வெட்டிக் கொன்றதும், ராக்கேல் ஆறுதலை ஏற்க மாட்டாமல் அழுததும் சொல்லியிருக்கிறது. திருச்சபை அந்த வசனங்களை மறைத்துவிடவில்லை; இரண்டு நாள் கழித்து, 28ந் தேதி, மாசில்லாக் குழந்தைகள் திருநாளில் அவற்றை வாசிக்க வைத்திருக்கிறது. ஆனால் 2004ஆம் ஆண்டிலோ, ஒரு பிள்ளை தப்பிய சுவிசேஷம் பீடத்தில் வாசிக்கப்பட்ட அதே காலையில், வாசிக்கப்படாமல் விட்ட மூன்று வசனங்களும் நமது கடற்கரையில் நிறைவேறின. எச்சரிக்கிற சம்மனசு ஏன் அந்தக் கரைக்கு வரவில்லை என்று கேட்காத தாய் அன்று இருந்திருக்க முடியாது.

இதற்கு நான் விடை எழுதப்போவதில்லை. எழுதுகிறவர்களை நம்பவும் வேண்டாம். ராக்கேலுக்கு விடை சொல்ல அர்ச். மத்தேயுவும் முயலவில்லை, அவள் அழுகையை மட்டும் எழுதி வைத்தார். ஆறுதலை ஏற்கமாட்டேன் என்ற அழுகையும் வேதபுத்தகத்தில் இடம் பெற்றிருக்கிறது என்பதே நமக்கு ஒரு பாடம். துக்கப்படுகிறவர்களை அவசரப்படுத்திச் சமாதானம் பண்ணுகிற பழக்கம் நம்மிடம் மிகுதி.

விடை இல்லையென்றால் எதையும் சொல்லலாம் என்று அர்த்தமல்ல. சில விடைகள் பொய் என்று நமது ஆண்டவரே சொல்லியிருக்கிறார். அலை அடித்த நாட்களில், இது பாவத்துக்கு வந்த தண்டனை என்று பிரசங்கித்தவர்கள் உண்டு. இன்னும் அப்படிப் பேசுகிறவர்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவர்களுக்கு லூக்காஸ் சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். பிலாத்து கொன்ற கலிலேயரைப் பற்றிச் சிலர் வந்து சேசுநாதரிடம் சொல்கிறார்கள். அவர் தாமாகவே இன்னொரு விபத்தையும் எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்: சிலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளோ? அல்ல என்று தீர்த்துச் சொல்கிறார். பிறகு கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். செத்தவர்களுடைய கணக்கை ஆராயவந்தவர்களிடம் அவரவர் கணக்கையே திருப்பிக் கொடுத்தார். அவர்களுடைய பெயர்களை நாம் அறியோம். எண்ணிக்கை மட்டும் சுவிசேஷத்தில் நிற்கிறது. பத்திரிகை எழுதுகிற இறப்பு எண்ணிக்கை போலவேயன்றோ!

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கசக்கலாம். வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் அன்று தண்ணீர் புகவில்லை. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். அவர்கள் மாதாவுக்கு நன்றி சொல்வது நியாயம், சொல்லாவிட்டால்தான் குற்றம். ஆனால் அதையே புதுமை புதுமை என்று ஊரெல்லாம் பேசுகிறவர், அதே காலையில் ஆலயத்துக்குச் சற்றுத் தூரத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் காதில் அது எப்படி விழும் என்று யோசிக்கவேண்டும். அவளும் மாதாவைத் தேடித்தானே வந்தாள்? அவள் மன்றாட்டு மட்டும் கேட்கப்படவில்லை என்று நாம் சொல்கிறோமா? பிழைத்தவர் நன்றியும் இழந்தவள் அழுகையும் ஒரே மாதாவின் பாதத்தில்தான் சேரவேண்டும். சிலுவையடியில் நின்றவளுக்கு இரண்டையும் தாங்கத் தெரியும்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். நமக்கும் கடலுக்கும் என்ன? ஓசூரிலிருந்து வேளாங்கண்ணி ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ஆயினும் ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நிற்கிறவர்களை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். சிப்காட் வந்த நாள் முதல் நமது பங்கில் குமரிக்காரர், தூத்துக்குடிக்காரர், நாகைக்காரர், தஞ்சாவூர்க்காரர் என்று குடியேறியவர்கள் எத்தனை குடும்பம்! பூர்வீகக் குடிகளான மத்திகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தவர்களைவிட அவர்கள் இன்று குறைவா? லேத் பட்டறையிலும் மோட்டார் கம்பெனியிலும் உங்கள் பக்கத்தில் நிற்கிறவனுடைய அத்தையோ, சித்தப்பாவோ அந்தப் பெரிய குழியொன்றில் கிடக்கலாம். அவன் சொல்லாமல் இருக்கிறான், நீங்களும் கேட்டதில்லை. தன் ஊர்க் கல்லறைக்கு அன்று போகமுடியாமல் இரவு ஷிப்டில் நிற்கிறவனுக்கு, இங்கே ஒரு பூசையாவது கிடைக்கவேண்டாமா?

பாட்டியின் கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை. எந்த ஆத்துமா எங்கே இருக்கிறது, எவ்வளவு காலம் என்பது நமக்கு வெளிப்படுத்தப்படவில்லை. சர்வேசுரனுக்கு நேற்று என்றும் நாளை என்றும் இல்லை. நாம் இன்று செய்யும் செபத்தை அவர் அன்று அலை வந்த அந்த நிமிஷத்திலேயே அறிந்து, செத்துக்கொண்டிருந்தவனுக்கு அதை இரக்கமாகக் கொடுத்திருக்கலாம். அந்த ஆத்துமா ஏற்கெனவே மோட்சம் சேர்ந்துவிட்டதானால் செபம் வீணாகாது. வேறொரு ஆத்துமாவுக்கு உதவும். பழைய விசுவாச மந்திரத்தில் பெரியவர்கள் சொல்லிப் பழகிய 'சமுதீதப் பிரயோசனம்' என்ற கடினமான சொல்லுக்கு அர்த்தம் இதுதான்: பரலோகத்தில் இருப்பவர்களும், உத்தரிக்கிறவர்களும், பூமியில் நடமாடுகிற நாமும் ஒரே குடும்பம், ஒருவர் புண்ணியம் மற்றவருக்குப் பங்கு. சொல் கடினமானாலும், பாட்டி, நீங்கள் நாள்தோறும் படுக்குமுன் சொல்லும் நித்திய இளைப்பாற்றி செபத்தில் அதைச் செய்துகொண்டேதான் இருக்கிறீர்கள்.

நேரே கேட்கப்படாத கேள்விதான் பெரியது. நம் வேதத்தைச் சேராதவர்களுக்காகப் பூசை வைக்கலாமா?

வைக்கலாம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 901ஆம் எண், உயிரோடிருப்பவர் மரித்தவர் யாருக்காகவும் குருவானவர் பூசையை ஒப்புக்கொடுக்கலாம் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது. பூசையின் நான்காம் நற்கருணை மன்றாட்டை அடுத்த முறை காது கொடுத்துக் கேளுங்கள். கிறீஸ்துவின் சமாதானத்தில் மரித்தவர்களை நினைத்தவுடனே, கடவுள் ஒருவரே அறிந்த விசுவாசத்தோடு மரித்தவர்களையும் குருவானவர் நினைக்கிறார். ஆகவே இது புதிதாக ஓசூரில் கண்டுபிடித்த வழக்கமல்ல.

இதைவிடப் பழைய சாட்சி ஒன்று உண்டு. மரித்தவர்களுக்காகச் செபிப்பதற்கு வேதத்தில் ஆதாரம் எங்கே என்று கேட்டால் எல்லாரும் மக்கபேயர் இரண்டாம் ஆகமம், 12ஆம் அதிகாரம் என்று மனப்பாடமாகச் சொல்வீர்கள். யூதா மக்கபே போரில் மடிந்த வீரர்களுக்காக எருசலேமுக்குப் பணம் அனுப்பிப் பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார். (கிரேக்கப் பிரதியில் 2,000 திராக்மா, நாங்கள் படித்த லத்தீன் பிரதியில் 12,000. தொகையில் ஒன்றுமில்லை.) ஆனால் கதையை முழுதும் படித்தவர்கள் எத்தனை பேர்? அடக்கம் செய்வதற்குப் பிரேதங்களை எடுத்தபோது, மடிந்தவர்கள் ஒவ்வொருவரின் உடுப்புக்குள்ளும் யாம்னியா ஊர் விக்கிரகத்தின் தாயத்து இருந்தது! சட்டப்படி அது விலக்கப்பட்ட பொருள். யூதா என்ன செய்தார்? இவர்கள் கெட்டவர்கள், கிடக்கட்டும் என்று தள்ளிவிட்டாரா? அதைக் கண்ட பிறகுதான் செபிக்கவே தொடங்கினார்; அதைக் கண்ட பிறகுதான் பணம் வசூலித்தார். நாம் மரித்தோருக்கான செபத்துக்கு ஆதாரமாகக் காட்டும் இடமே தாயத்துக் கட்டியவர்களுக்காகச் செய்த செபந்தான். அப்படியிருக்க, நாகப்பட்டினத்தில் மடிந்த மீனவன் கழுத்தில் என்ன இருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் செபிப்போம் என்பது எந்த ஊர் நியாயம்?

கடலை விட்டு நமது சாலைக்கு வாருங்கள். 2023ஆம் ஆண்டு ஜூலை 29ந் தேதி கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து ஒன்பது பேர் மாண்டார்கள். அதே வருஷம் அக்டோபர் 7ந் தேதி, செபமாலை மாதா திருநாளன்று, எல்லை தாண்டியதும் வரும் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை தீப்பற்றிற்று. மாண்டவர்கள் பதினான்கு பேருக்குக் குறையவில்லை. பெரும்பாலோர் தருமபுரி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர்ப் பக்கத்து இளைஞர்கள். படிக்கிற பிள்ளைகளும் அவர்களில் உண்டு. தீபாவளிக்கு முன் சில நாள் கூலிக்கென்று வந்தவர்கள். நம்மில் பெங்களூருக்குப் போய்வரும் ஒவ்வொருவரும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறோம். தாண்டும்போது ஒரு சிலுவை அடையாளமாவது போடுகிறவர் எத்தனை பேர்?

அவ்வருஷம் ஜூன் 2ந் தேதி ஒரிசாவில் பாலசோர் பக்கம் கொரமண்டல் எக்ஸ்பிரஸ் மோதிக் கவிழ்ந்து 290 பேருக்கு மேல் இறந்ததையும் மறக்க முடியாது. அந்த வண்டி சென்னைக்கு வந்துகொண்டிருந்தது. பிழைப்புத் தேடித் தெற்கே வருகிற தொழிலாளர் ஏராளமாக இருந்தார்கள். இன்று நமது சிப்காட் வாசல்களில் சாப்பாட்டு டப்பாவோடு நிற்கிற வடநாட்டுப் பிள்ளைகள் அந்தப் பாதையில் வந்தவர்களே. இறந்தவர்களில் 28 பேருடைய உடல்களை யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான்கு மாதம் வைத்திருந்து, அக்டோபரில் புவனேசுவரத்தில் தகனம் செய்தார்கள். பெயரும் இல்லை, ஊரும் இல்லை, அழ ஆளும் இல்லை. ஆழிப்பேரலையிலும் கடல் கொண்டுபோய்த் திரும்பித் தராத உடல்கள் ஆயிரக்கணக்கில்.

கல்லறை இல்லாதவர்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அர்ச். மோனிக்கம்மாள் ஞாபகம் வரும். அந்த அம்மாள் தன் ஊரில், புருஷன் பக்கத்தில், தனக்கென்று கல்லறைக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தவள். 387ஆம் ஆண்டில் ஊருக்குத் திரும்பும் வழியில் ஓஸ்தியா துறைமுகத்தில் காய்ச்சலில் விழுந்தாள். கடலைத் தாண்டி ஊர் போய்ச் சேரமாட்டோம் என்று தெரிந்ததும், உடம்பை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், ஆண்டவருடைய பீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டாள். அர்ச். அகுஸ்தீன் அதை எழுதி வைத்ததால் இன்றுவரை அவளை நினைக்கிறோம். அகுஸ்தீனைப் போல மகன் இல்லாத தாய்மாரும், தாய் யாரென்று தெரியாத மகன்மாரும் என்ன செய்வார்கள்? பீடத்தில் அவர்களுக்காக வாய் திறக்க ஏதாவது ஒரு பங்கு வேண்டும். அது நமது பங்காக இருக்கட்டுமே.

முதல் உலக யுத்தத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்துகொண்டிருந்தபோது, 1915ஆம் ஆண்டில் பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பர், மரித்தோர் திருநாளில் ஒவ்வொரு குருவும் மூன்று பூசை செய்யலாம் என்று அனுமதி கொடுத்தார். நவம்பர் 2ந் தேதி நீங்கள் காணும் மூன்று பூசைக்கும் பின்னால் இருப்பது அந்த யுத்தம்.

செபித்துவிட்டால் போதுமா என்றால், போதாது. குளிரில் நடுங்குகிறவனிடம் ஆடை கொடாமல் சமாதானமாய்ப் போ என்று சொல்வதில் என்ன பயன் என்று அர்ச். யாகப்பர் தமது நிருபத்தில் கேட்கிறார். அத்திப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நித்திய இளைப்பாற்றி சொல்கிற வாய், தன் பட்டறையில் தீயணைக்கும் கருவி காலாவதியாகிக் கிடப்பதைப் பற்றிப் பேசாமல் இருந்தால் அந்தச் செபம் அரைச் செபந்தான். நமது பங்கில் போர்மேன் இருக்கிறீர்கள், சூப்பர்வைசர் இருக்கிறீர்கள், ஆள் அனுப்புகிற காண்டிராக்டர் இருக்கிறீர்கள், சொந்தமாகச் சிறு கம்பெனி நடத்துகிறவரும் இருக்கிறீர்கள். களவு போகும் என்று பயந்து இரவு ஷிப்டில் அவசர வழிக் கதவைப் பூட்டி வைப்பது உண்டா? மெஷினின் காவல் தகட்டைக் கழற்றினால் வேலை வேகமாக நடக்கும் என்று ஒரிசாப் பையனிடம் சொன்னது உண்டா? பதினெட்டு நிறையாத பிள்ளையை வயது கூட்டி எழுதி ஆபத்தான வேலைக்குச் சேர்த்தது உண்டா? இவை ஐந்தாம் கற்பனைக்கு உட்பட்ட காரியங்கள். பாவசங்கீர்த்தனத்தில் கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறீர்கள். திருநாளுக்கு முன் வரும் பாவசங்கீர்த்தனத்தில் இவற்றையும் ஆராய்ந்து வாருங்கள். கடலுக்கடியில் பூமி பிளந்ததை நம்மால் தடுத்திருக்க முடியாது. பூட்டிய கதவைத் திறக்க முடியும்.

இனி ஏற்பாடுகள். டிசம்பர் 26ந் தேதி அர்ச். முடியப்பர் திருநாள். கிறிஸ்துமஸ் எட்டு நாட்களுக்குள் வருவதால் அன்று மரித்தோருக்கான பூசைப் பாடங்களை எடுக்க முறையில்லை. ஞாயிறாக வராத வருஷங்களில் முடியப்பர் பூசையே நடக்கும். கருத்து மட்டும் மாண்டவர்களுக்காக. சிவப்பு உடையைக் கண்டு, துக்கப் பூசைக்கு இது என்ன நிறம் என்று யாரும் மலைக்கவேண்டாம். வேதசாட்சியின் நிறம் அது. குடிலையும் நட்சத்திரத்தையும் அன்று எடுக்கமாட்டோம்.

காலை ஒன்பது மணிக்குத் துக்க மணி அடிக்கும். வேலையில் இருப்பவர்கள் நின்ற இடத்திலேயே ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னால் போதும். மாலை ஆறு மணிக்குத் துக்க தேவ இரகசியச் செபமாலை, உடனே பூசை. மன்றாட்டுகள் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சொல்லப்படும். ஒரியா மொழி பேசும் தொழிலாளர் எவராவது உங்கள் வீட்டுப் பக்கம் குடியிருந்தால், எந்த மதத்தாரானாலும், அழைத்து வாருங்கள். அவர்கள் மொழியில் ஒரு மன்றாட்டைச் சொல்லச் சொல்வோம். கடற்கரையிலிருந்து வந்தவர்கள் இறந்துபோன உறவினரின் பெயர்களை ஒரு தாளில் எழுதி 24ந் தேதிக்குள் உபதேசியாரிடம் கொடுங்கள். பெயர் வாசிக்கவேண்டாம் என்று விரும்பினால் அதையும் தாளில் எழுதுங்கள். பேசாமல் பீடத்தின் மேல் வைக்கப்படும். இந்தப் பூசைக்குக் காணிக்கை வாங்குவதில்லை. பெயர் தெரியாதவர்களுக்காகப் பெயர் எழுதாத தாள் ஒன்றும் அவற்றோடு இருக்கும்.